மருந்துக்குக் கேட்காத காய்ச்சல்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, 2010ஆம் வருஷம் மழைக்காலத்தில் என் மனைவி எஸ்தர் பிழைக்கமாட்டாள் என்றே நினைத்தேன். குடல்வால் வெடித்து, சிதம்பரத்தில் ஆபரேஷன். பிறகு மூச்சுத்திணறல், ஐசியூ, வென்டிலேட்டர். பன்னிரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை.

கீரப்பாளையத்தில் எனக்கு மெடிக்கல் ஷாப். அதற்கு முன் எவ்வளவு சந்தோஷமான வருஷங்கள்! எஸ்தர் ஏதாவது கீர்த்தனையை முணுமுணுத்தபடி கண்ணாடி அலமாரியைத் துடைப்பாள். நடவுக்குப் போகும் பெண்கள் வாசலில் நின்று, “அண்ணே, ஜொரம், ரெண்டு மாத்திர குடுங்க” என்பார்கள். டாக்டர் சீட்டு கேட்கமாட்டேன். ஐந்து நாள் சாப்பிடவேண்டிய ஆன்டிபயாடிக்கில் இரண்டை வெட்டிக் கொடுப்பேன்.

“அரகொறையா குடுக்காதீங்க, டாக்டர்கிட்ட அனுப்புங்க” என்பாள் எஸ்தர். சிரித்து மழுப்பிவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் ஐசியூ டாக்டரம்மா, கிருமியைச் சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காட்டினார். எஸ்தரின் சளியில் இருந்த கிருமிக்குச் சோதித்த மருந்துகள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட வேலை செய்யாது. பாதிப் பெயர்கள் நான் தினமும் விற்றவை.

“ஜனங்க அரகொறையா சாப்பிட்டுச் சாப்பிட்டு, கிருமிங்களுக்கு எல்லா மருந்தும் பழகிப்போச்சு சார். பழைய மருந்து ஒண்ணுதான் பாக்கி. கிட்னிய பாதிக்கும்னு ஒதுக்கி வச்சது. போடலாமா?”

கையெழுத்துப் போட்டேன். அந்த மருந்து கடலூரில்தான் கிடைத்தது. வாங்கிக்கொண்டு திரும்பும்போது, புவனகிரி பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே வெள்ளாறு கரைபுரண்டு ஓடியது. “ஆண்டவரே, நானும் தப்பு பண்ணவன்தான். அதுக்காக அவள எடுத்துக்காதீங்க” என்று அழுதேன்.

மருந்து போட்டபின் இரண்டு நாள் எஸ்தருக்குச் சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துப் படுக்கைப் பையனின் அம்மா, கடலூர்ப் பக்கத்து மீனவப் பெண், தன் இட்லியில் பாதியை என்னிடம் நீட்டி, “எங்க அம்மன்கிட்டயும் சொல்லியிருக்கேண்ணே” என்றாள். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் வெளியே வந்தாள். ஒவ்வொரு படுக்கைக்கும் போகுமுன் மறக்காமல் கை கழுவும் பெண் அவள். “அண்ணே, ஜொரம் எறங்கிடுச்சி! யூரினும் நல்லா போவுது!” அங்கேயே முழங்காலிட்டேன்.

வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகு எஸ்தர் கரகரத்த குரலில் முதலில் கேட்டது, “கடைய யாருங்க பாத்துக்கறாங்க?”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

இரண்டு வருஷமாகிறது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தருவதில்லை. சண்டைக்கு வருகிறவர்களை எஸ்தரே பொறுமையாக உட்காரவைத்துப் பேசுகிறாள். பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வேதனை வரலாம். ஆண்டவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள், உங்கள் தப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். என் அழுகையைக் கேட்டவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.