மகளுக்காகச் சொன்ன நல்ல பதில்கள்

என் மகள் படிப்பது டாக்டர் படிப்பு என்றுதான் எங்கள் ஓட்டல் சமையலறையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். சுகாதாரப் பொருளாதாரம், கொள்கை, நிர்வாகம் என்று மூன்றும் சேர்ந்த ஒரு மேற்படிப்பு, ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எப்படி விளங்கும்? ஒருநாள் தோசை மாஸ்டர் அவளிடமே கேட்டுவிட்டார்.

"ஊசி போடுவியா பாப்பா?"

"இல்ல அங்கிள். டாக்டர்கிட்ட ஜனங்க ஏன் போறதில்லன்னு ஸ்டடி பண்றேன்."

"அதுக்கு ஒரு படிப்பா? என்னைக் கேட்டா ஓசியிலயே சொல்லுவேனே."

பிறகு அவள் நிஜமாகவே கேட்டபோது அவர் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

படிப்பை முடிக்க அவள் ஓர் ஆய்வு செய்யவேண்டியிருந்தது. நாங்கள் பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் ஓட்டலுக்குப் பக்கத்திலேயே ஓர் இலவச கிளினிக் இருக்கிறது. ஓட்டல் தொழிலாளர்கள் ஏன் அங்கே போவதில்லை என்பதை எடுத்துக்கொண்டாள். மதியக் கூட்டம் ஓய்ந்து நாங்கள் வெங்காயம் உரிக்க உட்காரும் நேரத்தில் வந்து, ஒவ்வொருவரிடமும் கேள்விகளை வாசித்து, பதில்களைக் குறித்துக்கொண்டு போனாள். அப்பா என்பதால் என்னை மட்டும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் முகம் வாடி வீட்டுக்கு வந்தாள். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். வாசலைக்கூட மிதிக்காதவர்கள், கிளினிக் பிரமாதம் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். இதை நம்பி ஆய்வு எழுதமுடியாது, உண்மையான பதில் கிடைக்காவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை என்றாராம் பேராசிரியர். இன்னும் ஒரு முறை கேட்டுவர அனுமதித்திருந்தார்.

தோசை மாஸ்டரைத் தனியாக விசாரித்தேன். கையிலிருந்த கரண்டியை வைக்காமலே சொன்னார்.

"நம்ம புள்ள பரீட்சைண்ணே. சீக்கு, நோவுன்னு சொல்லி அதோட மார்க்கை நாங்க குறைப்போமா?"

மறுநாள் அவள் வந்தாள். காகிதத்தைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். கத்தியை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவன் இல்லை. கடையில் கெட்டுப்போன பால் வாங்கிவிட்டால்கூட, திருப்பிக்கொடுக்க மனைவியைத்தான் அனுப்புவேன். ஆனாலும் வெங்காயத்தைப் பார்த்தபடி பேசினேன்.

"எனக்கு சுகர். ஊர்ல இருந்து வர்றவங்க கொண்டாந்து குடுக்கிற மாத்திரையத்தான் போடறேன். ஒரு தடவை அந்த கிளினிக் வாசல் வரைக்கும் போனேன். கவுன்ட்டர்ல இருக்கற அம்மா இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டா என்ன சொல்றதுன்னு திரும்பி வந்துட்டேன்."

மகளின் கத்தி நின்றது. "அப்பா, செக்கப் போயிட்டு வந்தேன்னு சொன்னீங்களே?"

"உனக்கு அப்ப பரீட்சைம்மா."

தோசை மாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு தன் காலைக் காட்டினார். ராத்திரியெல்லாம் பாதம் எரிகிறதாம். "நமக்கு லீவு திங்கக்கிழமை. கிளினிக்காரனுக்கும் அன்னைக்குத்தான் லீவு. நான் என்னைக்குப் போக?" என்று கேட்டார். பாத்திரம் கழுவுகிறவர் தன் முதுகைப் பற்றி ஆரம்பித்தார். எழுதிக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். மார்க் குறையாதென்றால் எழுதிக்கொள் என்றார்கள்.

கல்லூரியில் அவள் ஆய்வைச் சொன்ன நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசியதில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. ஆனால் நடுவில் 'மண்டே' என்று ஒரு சொல் வந்தது. அது புரிந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து எதையோ குறித்துக்கொண்டார். கிளினிக்கை நடத்துகிறவர் அவர்தான் என்று மகள் அப்புறம் சொன்னாள். பட்டம் உறுதியாகிவிட்டது என்பதையும் அதோடு சேர்த்துச் சொன்னாள்.

இப்போது திங்கட்கிழமை காலையில் கிளினிக்கைத் திறந்து பார்க்கிறார்கள். கவுன்ட்டரில் தமிழ் பேச ஒரு மாணவி இருக்கிறாள். முதல் வாரம் நானும் தோசை மாஸ்டரும் போனோம். செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டும் முன், அவர் என் காதருகில் குனிந்தார்.

"இங்க உண்மையைச் சொல்லலாமில்லண்ணே? பாப்பா பாஸாயிருச்சுல்ல?"