புரட்டாசியில் வந்த மூஸ் கறி

ராஜபாளையத்தில் விடிந்தால் எங்கள் வீட்டுக் கேட்டில் பால் பாக்கெட் பை தொங்கும். கனடாவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூரில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், கைப்பிடியில் ரத்தம் கசியும் பை தொங்கியது. உள்ளே மூஸ் கறி. மூஸ் என்பது நம் ஊர் எருமையைவிட உயரமான மான். மறுநாளும் ஒரு பை. அதற்கடுத்த நாள் மீன். அதுவும் புரட்டாசி மாதத்தில்! நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். புரட்டாசியில் முட்டை அவித்த பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டேன்.

எல்லாம் நானே இழுத்துவிட்டுக்கொண்ட வம்பு. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்து மில்லில் ஜெனரேட்டர் பார்த்தவர். இங்கேயும் ஊருக்கே கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டரோடுதான் குடித்தனம். நானோ சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வந்த கோடையிலேயே பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "ஏங்க, ஏரி உறையிறதுக்குள்ள ஒரு மனுசியாச்சும் வந்து எங்கூட உக்காந்து பேசல, நான் ஊருக்குப் போயிருவேன். நீங்க ஜெனரேட்டரைக் கட்டிக்கிட்டு அழுங்க."

அவர் பயந்துபோய் என்னை டெனே மொழி வகுப்பில் சேர்த்துவிட்டார். டெனே மக்கள்தான் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள். டீச்சர் ரோஸி, என்னைவிட வயதில் சின்னவள். பகலில் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். நம் வினைச்சொல்லில் யார், எப்போது என்பதெல்லாம் கடைசியில் வந்து ஒட்டும். அவர்களுக்கோ அத்தனையும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடைசிவரை காத்திருந்தால்தான் என்ன வேலை நடந்தது என்றே தெரியும். போதாததற்கு, 'கொடு' என்பதற்கு ஒரே சொல் கிடையாது. கொடுப்பது குச்சியா, துணியா, பாத்திரத்தில் இருப்பதா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை. பலசரக்குக் கடை வைத்தால் என்ன கதி, நீங்களே சொல்லுங்கள்!

என் வாயில் ஒழுங்காக வந்தது ஒன்றுதான்: சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டார்கள். வந்ததைச் சும்மா வைத்திருப்பேனா? கடையில், தபால் ஆபீசில், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். நம் ஊரில் அது வணக்கம் சொல்வது மாதிரிதானே. அவர்கள் என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் உச்சரிப்பில் அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் பைகள். ஃப்ரீசர் மூட முடியாமல் நிறைந்தது. வீட்டுக்காரர் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விட்டார். "ஏட்டி, புரட்டாசியெல்லாம் அங்கதான? இங்க நடக்கிறது செப்டம்பர்."

"கறியில கை வச்சுப் பாருங்க, பொறவு தெரியும்" என்றேன்.

தண்ணீர் ஊற்ற வந்த ரோஸியிடம் புலம்பினேன். அவள் லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓயாமல் சாப்பாட்டைப் பற்றியே கேட்கிறாளே, பாவம், பட்டினி கிடக்கிறாள் போல என்று ஊரே பேசிக்கொண்டதாம். வேட்டைக்காலத்தில் ஒரு வீட்டில் கறி இல்லையென்றால் இவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாதாம். எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்குள் வந்து அழுதுவிட்டேன். அவமானம் பாதி, முகம் தெரியாதவளுக்காக இத்தனை பேர் கவலைப்பட்டிருக்கிறார்களே என்பது பாதி.

ஐப்பசி பிறந்த அன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப்பொடியைப் போட்டுக் குழம்பு கொதிக்கவைத்தேன். ரோஸி தன் அம்மாவையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் அழைத்து வந்தாள். பாத்திரத்தில் இருப்பதைக் கொடுக்கும் வினையைச் சொல்லிக்கொண்டே நீட்டினேன். யாரும் பாராட்டவில்லை, கண்ணில் நீர் வழிய மறுபடி தட்டை நீட்டினார்கள். பாதி புரிந்து பாதி புரியாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்து பேசினோம்.

அந்த வாரம்தான் ஏரி ஓரமாக உறைந்தது. வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டிக்கெட் பாக்கவா?"

"சும்மா கெடங்க."

இந்த வருடம் ராஜபாளையம் போயிருந்தபோது எதிர்வீட்டுப் பெண் கேட்டுக்கு வெளியே நின்று, "என்னக்கா, சாப்டாச்சா?" என்றாள். நான் அடுப்படிக்கு ஓடி, ஒரு கிண்ணம் நிறையக் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தேன்.

"ஐயோ அக்கா, சும்மால்ல கேட்டேன்!"

ஒரு கால் கேட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே, கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். "புடி" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்ததோ, பாத்திரத்தில் இருப்பதைக் கொடுக்கும் அந்த டெனே வினை.