ஜப்பான் இரும்பு துருப்பிடிக்காது

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் எனக்கு ஒரு ரேடியோ கடை இருந்தது. ரேடியோ, டேப் ரிக்கார்டர், டார்ச் லைட் என்று பலதும் விற்பதாகப் போர்டு சொல்லும். உண்மையில் நான் விற்றது ‘ஜப்பான்’ என்ற ஒரு சொல்லைத்தான். பெட்டி எந்த ஊரில் செய்ததாக இருந்தாலும், “உள்ள இருக்கிறதெல்லாம் ஜப்பான் பார்ட்ஸுங்க” என்று நான் சொன்னதும் வந்தவர் முகத்தில் பயபக்தி வந்துவிடும். கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராகக் கடைக்கு வருகிறவர்கள் என்பதால் பக்தி ஏற்கெனவே தயாராக இருக்கும். நான் அதன் திசையைக் கொஞ்சம் திருப்பிவிடுவேன், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் இப்படிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் என் வாடிக்கையாளர்களைவிட அதிகமாக நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நம்பிக்கையில்தான் மெட்ராஸ் துறைமுக ஏலத்தில் ஒரு ஜப்பான் காரை எடுத்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஐரோப்பாவிலிருந்து மலை, பாலைவனம் எல்லாம் தாண்டி அதை ஓட்டி வந்தாராம். காகிதங்கள் காலாவதியாகிவிட, வண்டியை அரசாங்கத்திடம் விட்டுவிட்டு, ஞானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாராம். கார் சில வருஷங்கள் கடற்காற்றில் நின்றிருந்தது. மாம்பழ மஞ்சள் நிறம், இரண்டே கதவு, நீண்ட மூக்கு, இரண்டு கார்புரேட்டர். மீட்டரில் இருநூறு வரைக்கும் எண் போட்டிருந்தான். எங்கள் ஊரில் மாடு, சாமியார், ஜட்கா மூன்றையும் தாண்டி நாற்பதுக்கு மேல் முள் போனதே இல்லை. உட்கார்ந்தால் ரோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஸ்டியரிங் இடப்பக்கம். அதனால் வலப்பக்கம் உட்கார்ந்து வந்த என் மனைவிதான் வண்டி ஓட்டுகிறாள் என்று பாதி ஊர் நினைத்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

காரைக் கடை வாசலில் நிறுத்தியதும் வியாபாரம் ஜாஸ்தியானது. சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம் என்று மேல்பக்கத்துக்குச் செய்யவேண்டிய எல்லா மரியாதையும் செய்தேன். தினமும் மஞ்சள் துணியால் துடைத்தேன். கீழே குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாமியைக்கூட நாம் முன்பக்கம் நின்றுதானே கும்பிடுகிறோம்!

மனைவிக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அவள் சும்மா காலை நீட்டி ஊன்றினாள். விரிப்போடு சேர்ந்து கீழ்த்தகடு பொலபொலவென்று உதிர்ந்தது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். செருப்பு போய்விட்டது.

“ஏங்க, கீழ ரோடு தெரியுதுங்க” என்றாள்.

“அது காத்து வர்றதுக்கு வெச்சிருக்கான். ஜப்பான்காரன் எல்லாத்தையும் யோசிச்சுதான் செய்வான்” என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் வீடு வரும்வரை இரண்டு காலையும் இருக்கையின் மேலே மடித்து வைத்துக்கொண்டாள். ஒற்றைச் செருப்பைப் பற்றிக் கேட்டவர்களிடம் நான், கோயில் வாசலில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். எங்கள் ஊரில் அதை எல்லாரும் மறுபேச்சில்லாமல் நம்புவார்கள்.

மறுநாள் பக்கத்துத் தெரு டிங்கரைக் கூப்பிட்டேன். நசுங்கிய பஸ், லாரிகளைத் தட்டி நிமிர்த்துகிற மனிதர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் காருக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து குத்தினார். குத்திய இடமெல்லாம் உள்ளே போனது. எழுந்து, தலையில் கொட்டிய துருவைத் தட்டிவிட்டார்.

“மேல நல்லா கீதுண்ணே. அடியிலதான் ஒண்ணுமே இல்ல. உப்புக் காத்து தின்னுட்ச்சி.”

“ஜப்பான் இரும்பு பாய்!”

“உப்புக்கு அது தெரியாதில்லண்ணே.”

செய்யவேண்டியதையும் அவரே சொன்னார். வண்டியை வைக்கோல்மேல் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துருவைத் தடுக்க ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும். பத்து நாள் வேலை.

நான் முடியாது என்றேன். பத்து நாள் என் ஜப்பான் கார் வயிற்றைக் காட்டிக்கொண்டு தெருவில் படுத்திருந்தால், கடைக்குள் இருக்கும் ஜப்பான் ரேடியோக்களை எவன் வாங்குவான்? வண்டியைப் படுக்கவைக்காமல் ஏதாவது வழி சொல்லச் சொன்னேன். “படுக்க வெக்காத வைத்தியம் எனக்குத் தெரியாதுண்ணே” என்று பாய் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரிலேயே என்னிடம் உண்மை பேசியவர்கள் அப்போது இரண்டு பேர். இரண்டு பேரையும் நான் அனுப்பிவைத்தேன்: ஒருவரைப் பட்டறைக்கு, இன்னொருத்தியை வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்குக் கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்கு.

பெண் குழந்தை பிறந்தது. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் மாதம் அழைத்துவரலாம் என்று போனபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. என் மாமனார் ரயில்வேயில் பாலம் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஒரு சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு பாலத்து ஆணிகளைத் தட்டித் தட்டி, எது கெட்டி, எது துரு என்று சத்தத்தைக் கேட்டே சொன்னவர். சுத்தியலை ரயில்வே திருப்பிக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகும் கட்டில், கதவு, கிணற்றுக் கம்பி என்று எதைப் பார்த்தாலும் தட்டுவார். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டு பீரோவைத் தட்டிப் பார்த்த பிறகுதான் பெண் கொடுத்தார்.

“வண்டியில ஓட்டைன்னு பாப்பா சொல்லுதே மாப்ளே?” என்றார். மகளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

“அவளுக்கு மாசமா இருந்தப்ப கொஞ்சம் தலசுத்தல் மாமா. எதையோ பாத்து எதையோ நெனச்சிக்கிட்டா” என்றேன். மனைவி உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். வெளியே வரவில்லை. குழந்தைக்குச் சளி, இப்போது வர முடியாது என்று மாமியார் மூலம் சொல்லி அனுப்பினாள். நான்காம் மாதம் போனேன். அப்போதும் சளிதான்.

ஐந்தாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று முடிவானது. “வண்டியக் கொண்டாங்க மாப்ளே. நான் தட்டிப் பாக்குறேன். கெட்டியா இருந்தா அனுப்புறேன்” என்று மாமனார் நிபந்தனை போட்டார். வாடகைக்கு ஒரு கார் பிடித்துப் போயிருக்கலாமே, பஸ்ஸிலேயே கூட்டி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அது அப்போது வண்டி விஷயமாகவே தெரியவில்லை. மனைவியும் குழந்தையும் அந்தக் காரில் வந்து இறங்கினால் நான் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். வேறு எதில் வந்தாலும் நான் பொய்யன். வளைகாப்பிலிருந்தே வீடு வெறிச்சென்று கிடந்தது. ராத்திரிச் சாப்பாடு ஓட்டலில். ஆனாலும் வறட்டுக் கௌரவத்தை விட மனசு வரவில்லை.

ஆகவே கீழ்ப்பக்க வைத்தியத்தை நானே செய்ய ஆரம்பித்தேன். லாரிக்காரர்கள் துருவுக்காக அடியில் பழைய என்ஜின் ஆயிலைப் பீச்சுவதைப் பார்த்திருக்கிறேன். ஜப்பான் காருக்குக் கழிவு எண்ணெயா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. செக்கில் ஆட்டிய புதுக் கடலை எண்ணெய் வாங்கிப் பீச்சினேன். சைலன்சர் சூடானதும் வண்டி போகிற தெருவெல்லாம் வடை வாசனை. ஆசிரமத்துப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கப்பைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் தூக்கினார்கள். நாய்கள் பின்னாலேயே வந்தன. இரண்டு நாளில் செவ்வெறும்பு மொத்தமும் சீட்டுக்குக் குடிவந்துவிட்டது. துரு மட்டும் எண்ணெய் குடித்துப் பளபளப்பாக, ஆரோக்கியமாக இருந்தது.

அடுத்தது மொட்டைமாடி வைத்தியம். எங்கள் ஊரில் மாடி ஒழுகினால் கோணிப்பையைத் தாரில் முக்கி விரிசல்மேல் ஒட்டுவோம். அதைத்தான் காருக்கும் செய்தேன். மழை மேலிருந்து வருகிறது, காரின் ஓட்டை கீழே இருக்கிறது என்கிற சின்ன வித்தியாசத்தை நான் பொருட்படுத்தவில்லை. வீட்டுக் கொல்லையில், கதவைச் சாத்திக்கொண்டு, மல்லாந்து படுத்து, நான்கு கோணியைத் தாரோடு ஒட்டினேன். பாதித் தார் என் மார்பில்தான் ஒட்டியது. காய்ந்ததும் இன்னும் இரண்டு பூச்சு. உள்ளே, ஓட்டைக்கு மேலே, ரேடியோ வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் போட்டு, அதன்மேல் புது விரிப்பு விரித்தேன். தட்டிப் பார்த்தேன். கனமாக ‘தொப்’ என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தேன். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்ப வேண்டும். மாமனார் பனியனோடு, ஒரு சாக்கை விரித்து, சுத்தியலோடு காருக்கு அடியில் போனார். வெளியே அவர் கால் மட்டும்தான் தெரிந்தது. தொப். தொப். தொப். நான் ஒவ்வொரு தட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. காருக்கு அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் கழித்து மாமனார் வெளியே வந்தார். பனியனெல்லாம் தார். முகமெல்லாம் சிரிப்பு.

“நல்ல கெட்டி மாப்ளே! தார் வேற பூசியிருக்கீங்க, ரொம்ப நல்லது. நாங்களும் பாலத்துக்குப் பூசுவோம்” என்றார். முப்பது வருஷமாக ரயிலுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. அதில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று யாரும் தட்டிப் பார்த்ததில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பா பேச்சக் கேட்டு உங்களத் தப்பா நெனச்சிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க” என்றார். மகள் பக்கம் திரும்பி, “என்னம்மா நீ, நல்ல வண்டிய இப்படிச் சொல்லிட்டியே” என்று கடிந்துகொண்டார்.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவனுக்கு வரவேண்டிய சந்தோஷத்தை எதிர்பார்த்து நின்றேன். வரவில்லை.

மனைவி படியிறங்கினாள். வந்து வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். கால் இரண்டையும் மேலே மடித்துக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். “காலக் கீழ வெச்சு சௌகரியமா உக்காரும்மா” என்றார் மாமனார். அவள் அசையவில்லை. நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். என்ஜின் அருமையாகக் கிளம்பியது. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. வண்டி மெல்ல அதிர்ந்தது. விரிப்பின் ஓரத்தில் அட்டை லேசாக அசைந்ததைப் பார்த்தேன். அதற்கு மேலே, ஒரு முழ உயரத்தில், என் மகளின் கால் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன கால். கொலுசு போட்டிருந்தார்கள்.

என்ஜினை அணைத்தேன்.

“எறங்கு” என்றேன் மனைவியிடம். மாமனார் பதறிப்போய் என்ன என்று கேட்டார். “அவ சொன்னதுதான் நெஜம் மாமா. தலசுத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீழ தகடே கெடையாது. கோணிதான் இருக்கு. நான்தான் ஒட்டுனேன்.”

அவர் நம்பவில்லை. விரிப்பைத் தூக்கி, அட்டையை எடுத்துப் போட்டேன். மேலிருந்து ஒரு தட்டு தட்டினார். சுத்தியல் தலையோடு உள்ளே போய்விட்டது. பிடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். என்னைத் திட்டவில்லை. மகளிடம்தான், “தப்பு என்னுதும்மா” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

காரை அங்கேயே விட்டோம். அடுத்த வாரம் பாய் வந்து, மாமனாருடைய களத்தில், ஊரே வேடிக்கை பார்க்க, அதை வைக்கோல்மேல் படுக்கவைத்து வெட்டி ஒட்டினார் என்பதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்குப் பத்தரைக்கு முன்னால் கிடைத்தது திண்டிவனத்திலிருந்து வந்த பஸ்தான். கடலை மூட்டைகளுக்கு நடுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. ஊர் எல்லை தாண்டியதும், தாங்க முடியாமல் கேட்டேன்.

“ஓட்டைன்னு உனக்குத் தெரியுமே. அப்புறம் ஏன் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறுன?”

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான். சாவியத் திருப்புனீங்க. அத நான் மறக்க மாட்டேன்.” தூங்குகிற குழந்தையின் தலையை என் மார்போடு சரியாகச் சாய்த்து வைத்தாள். “அப்புறம் அணைச்சீங்க. அதனாலதான் இந்த பஸ்ல இருக்கேன்.”