அங்கே ஒன்பது மணி, இங்கே ஏழு மணி

ஐம்பதுகளின் நடுவில், நாங்கள் ராயபுரத்துக் கடலோரக் குப்பத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கணவருக்குச் சரக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை. சிங்கப்பூர் துறைமுகத்தில் நீராவிக் குழாய் வெடித்து, அவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. கடல் வழியாக வந்தால் ஒரு வாரமாகும் என்று கம்பெனியே விமானத்தில் ஏற்றி அனுப்பியது.

காலை ஒன்பதுக்கு அங்கே கிளம்பும், ஆயிரத்து எண்ணூறு மைல், ஏழு மணி நேரம் பறக்கும் என்றார்கள். அப்படியானால் சாயங்காலம் நாலு மணி என்று கணக்குப் போட்டுக்கொண்டோம். மாமியாருக்கு நம்பிக்கையே இல்லை. "கப்பலு ஒரு வாரம் போற தண்ணிய, ஒரே பகல்ல எப்டிடி தாண்டிகினு வரும்?" என்று ரயிலில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று மணிக்கே மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் நின்றவரிடம் விசாரித்தால், "சிங்கப்பூர் பிளேனா? அது ரெண்டு மணிக்கே வந்துடுச்சே. எல்லாரும் போயாச்சு" என்றார்.

"கண்ணு தெரியாத புள்ளைய எவன் இட்டுகினு போனானோ!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். நான் ரோடு வரைக்கும் ஓடிப் பார்த்தேன். திரும்பி வந்து கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

பக்கத்து நிழலில் ஒரு பெஞ்சில் வெள்ளைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார் என் கணவர். அருகில் முன்பின் தெரியாத ஒருவர், ரொட்டியை டீயில் நனைத்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். மாமியார் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டார். நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரொட்டி ஊட்டியவர் திருநெல்வேலிக்காரர், அதே விமானத்தில் வந்தவர். எங்கள் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "அங்க ஒம்பதுன்னா நமக்கு ஏழுதாம்மா. அவங்களுக்கு முன்னாடியே விடிஞ்சிரும்லா!"

"உங்களுக்கு நேரமாகிவிட்டதே" என்றேன்.

"ஊருக்குப் போற ரயிலு போயிட்டு. நாளைக்குப் போனாப் போச்சு. வானத்துல பிளேன் குலுங்கையில எனக்கு உசுரே போச்சும்மா. இவருதான் என் கையப் பிடிச்சுக்கிட்டு, கப்பலு ஆடாத ஆட்டமான்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. இவர எப்படித் தனியா விட்டுட்டுப் போறது?"

மாமியார் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருக்கணும் நைனா, நீ!"

இரண்டு வாரம் ஆஸ்பத்திரி வாசம். கண்கட்டை அவிழ்த்ததும் என் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டது, "இன்னா, இப்டி எளச்சிப் போய் கீறே?" அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சே திரும்பி வந்தது.

இப்போதும் எங்கேயாவது ஒருவர் தனியாகக் காத்திருப்பதைக் கண்டால், "யாரும்மா வரணும்?" என்று பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காராமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.