'இருக்கலாம்' என்று சொன்ன கம்ப்யூட்டர் சார்

கன்னிவாடி ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில் கிளெமென்ட் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சார் என்று கேட்டால் வாட்ச்மேன்கூட எழுந்து வந்து வழி காட்டுவார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டுத் தொண்ணூற்று மூன்றில் மில்லுக்கு டைப்பிஸ்டாக வந்தவர்தான். மில்லில் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதைத் தொட எல்லாரும் பயந்தார்கள், இவர் தொட்டார். அவ்வளவுதான் சங்கதி. படித்து வாங்கின பட்டமா என்றால் இல்லை, பயப்படாமல் கை வைத்ததற்குக் கிடைத்த பட்டம். ஆனால் அந்தப் பட்டத்தின் மேல் அவருக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் மில்லில் இருபத்தாறு கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. ஆபீசில், ஸ்டோரில், எடைமேடையில், நூல் லோடு கிளம்புகிற டிஸ்பாட்ச்சில் என்று எங்கே பார்த்தாலும் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வைரஸ். ஒரு மிஷினைச் சுத்தம் பண்ணிவிட்டு வந்து தண்ணீர் குடிப்பதற்குள் அடுத்த மேஜையிலிருந்து "சார், செத்த வாங்க" என்று குரல் வரும். ஓடி ஓடி மனுசன் தேய்ந்துபோனார்.

இருபத்தாறுக்கும் சேர்த்து ஒரே காவலாக ஆன்டிவைரஸ் போட்டுவிடலாம் என்று மேனேஜர் நல்லுசாமியிடம் போய்ச் சொன்னார். நல்லுசாமி ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள், யாரிடமும் மரியாதையாகப் பேசுவார். ஆனால் லேசில் தலையாட்ட மாட்டார்.

"ஏனுங்க கிளெமென்ட், தனித்தனியாப் போட்டுக்கிட்டா ஆகாதுங்களா?"

"ஆகாது சார். வைரஸ் தினம் புதுசா வருது. போலியோ சொட்டு மருந்து மாதிரின்னு வச்சுக்கங்க. தினமும் காலையில என் மிஷின் இன்டர்நெட்டுல இருந்து புது மருந்த இறக்கிக்கும். அதுவே இருபத்தஞ்சு மிஷினுக்கும் ஊத்தி விட்டுரும். எதுக்கு மருந்து போகலையோ அது என் திரையில செவப்பாத் தெரியும்."

போலியோ சொட்டு மருந்து நல்லுசாமிக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் வேலை நடந்தது. டிஸ்பாட்ச்சில் பில் அடிக்கிற தாஹிராதான் கூடவே நின்றாள். பேகம்பூர்ப் பெண், இருபத்திரண்டு வயசு, ஒரு தடவை சொன்னால் போதும், மறுதடவை அவளே செய்துவிடுவாள். எல்லா மிஷினுக்கும் பெயர் எழுதி ஒட்டியதும் அவள்தான். கடைசி மிஷினும் முடிந்து, கிளெமென்ட்டின் திரையில் இருபத்தாறு புள்ளியும் பச்சையாக நின்றபோது, "வயல் மாதிரி இருக்கு சார்" என்றாள். கிளெமென்ட்டுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை வந்தால் சும்மா இருக்க முடியுமா? விதி போட்டார். வெளியிலிருந்து சிடி, ஃபிளாப்பி, பென் டிரைவ் எதுவும் ஆபீசுக்குள் வரக்கூடாது. பேப்பரில் அடித்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். கணக்குப் பிரிவு சடையாண்டி, ஆபீசிலேயே மூத்தவர், "பழனிக்குப் போயிட்டு வந்தா பஞ்சாமிர்தமாச்சும் கொண்டாரலாமா சார்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கிளெமென்ட் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் தாஹிரா மாட்டிக்கொண்டாள். அக்கா கல்யாண போட்டோ சிடி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கூட இருக்கிற பெண்களுக்குக் காட்டலாமென்று போட்டிருக்கிறாள். கிளெமென்ட்டின் திரையில் அது தெரிந்துவிட்டது. எழுந்து போய் எல்லார் முன்னாடியும், "கையெழுத்துப் போட்டியா இல்லையா நீ? ஒனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?" என்று பிடிபிடியென்று பிடித்தார். அந்தப் பெண் சோற்றை மூடி வைத்துவிட்டாள். சிடியில் வைரஸ் ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம். சாயங்காலம் வீட்டில் மனைவி பிரிஸ்கில்லாவிடம், "இன்னைக்கு ஒருத்திய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்ல" என்று சொல்லிக்கொண்டே காபி குடித்தார். அந்தக் காபியை நினைத்தால் பின்னாளில் அவருக்குக் குமட்டும்.

அடுத்து வந்தது கிளெமென்ட் ஞாயிறு பூசைக்குப் போகிற பங்குக் கோவிலின் திருவிழா. எட்டு வருசமாக அழைப்பிதழ் அடித்துக் கொடுப்பது கிளெமென்ட்தான். சாதாரண வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கொடியேற்றத்திலிருந்து தேர்பவனி வரைக்கும் ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு தெருவின் உபயம், தெருவுக்கு இருபது முப்பது பேர். யார் பெயர் முதலில், யார் பெயர் பின்னால் என்பதில் உறவே முறிந்துபோகும். ஒரு இனிஷியல் விட்டுப்போனதற்காக முந்தின வருசம் ஒருத்தர் திருவிழாவுக்கே வரவில்லை. அதனால் அச்சாபீசுக்குக் கொடுக்கிற நாள் வரைக்கும் திருத்தம் வந்துகொண்டே இருக்கும்.

அந்த வருசம் அச்சாபீஸ்காரர் புதுத் தமிழ் ஃபாண்ட்டுக்கு மாறிவிட்டார். அந்த எழுத்தையும் அதை அடிக்கிற புரோகிராமையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கிளெமென்ட் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக ஆபீசுக்கு வந்தார். ஆமாம், விதி போட்ட அதே கிளெமென்ட்தான். சொருகினார். ஆன்டிவைரஸ் அந்தப் புரோகிராமை லபக்கென்று விழுங்கிவிட்டது. மறுபடி சொருகினார், மறுபடி விழுங்கியது. 'நல்ல புரோகிராமையும் பிடிக்குது, கூறுகெட்டது' என்று திட்டினார். சாயங்காலம் நாலு மணிக்குப் பங்குச் சாமியார் அழைப்பிதழைப் பார்க்க வேண்டும். தன் மிஷினில் காவலை நிறுத்தினார், அரை மணி நேரந்தானே என்று.

அரை மணி நேரம் பதினோரு நாள் ஆனது. மறந்துபோனார் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பொய். தினமும் ஒரு திருத்தம் வந்தது. இன்றைக்கு உபயதாரர் மிக்கேல்ராஜ் பெயரில் ஒற்றெழுத்து, நாளைக்கு இன்னொருத்தர் பட்டம். காவலைத் திரும்பப் போட்டால் எழுத்து போய்விடும். எல்லாத் திருத்தமும் முடியட்டும் என்று அவர்தான் விட்டுவைத்தார். அவர் மிஷின் தூங்கினால் மற்ற இருபத்தைந்துக்கும் மருந்து போகாது என்பது அவருக்குத் தெரியாதா? மேனேஜருக்கே பாடம் எடுத்தவர். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கண்ணை உறுத்துகிறதென்று அந்த ஜன்னலைச் சின்னதாக்கி ஓரத்தில் தள்ளிவிட்டு, உபயதாரர் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது நாள் காலையில் எல்லாம் படுத்துவிட்டது. பில் கோப்புகள் இருந்த இடத்தில் இல்லை, எதைத் திறந்தாலும் மிஷின் திக்கித் திணறி நின்றது. மகாராஷ்டிராவில் இச்சல்கரஞ்சிக்குப் போக வேண்டிய இரண்டு லாரி பில் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே நின்றது. கிளெமென்ட் கதவைச் சாத்திக்கொண்டு காவலைத் திரும்பப் போட்டார். போட்டவுடன் அது ரிப்போர்ட்டை நீட்டியது. வைரஸ் எந்த மிஷினுக்குள் முதலில் வந்தது, எதிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் இருந்தது. வந்தது அவர் மிஷினுக்குள். பென் டிரைவிலிருந்து.

அந்த நேரம் பார்த்து நல்லுசாமி உள்ளே வந்தார். முதலாளி போனில் கத்தியிருக்க வேண்டும், முகம் கறுத்திருந்தது.

"ஏனுங்க, எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுதுங்களா?"

கிளெமென்ட் திரையைக் கொஞ்சம் திருப்பினார். "பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"டிஸ்பாட்ச்ல அந்தப் பேகம்பூர்ப் பொண்ணு முன்னாடி ஏதோ சிடி போட்டு நீங்ககூட சத்தம் போட்டீங்களே. அந்தப் புள்ள வேலையாத்தான் இருக்குமுங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. விதி போட்டது, கையெழுத்து வாங்கியது, கையெழுத்துப் போட்டவர்கள் முகம், எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது.

"இருக்கலாம் சார்" என்றார்.

அந்த வார்த்தை போதும் என்று நல்லுசாமி திரும்பிப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் தாஹிராவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவள் அழவில்லை. நேராக கிளெமென்ட் மேஜைக்கு வந்தாள்.

"சார், நான் எதுவும் போடல சார். உங்க மிஷின்ல பாத்தாத் தெரியும்ல? நீங்க பாத்துச் சொல்லுங்க சார், ஒத்துக்குவாங்க."

"பாக்குறேம்மா" என்றார் அவர். கீபோர்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போன பிறகு அந்த ரிப்போர்ட்டை அழித்தார்.

மூன்று நாளில் எல்லா மிஷினும் சரியானது. கம்ப்யூட்டர் சார் இல்லாவிட்டால் மில்லே நின்றிருக்கும் என்று முதலாளி எல்லார் முன்னாடியும் பாராட்டினார். கிளெமென்ட் முகத்தில் ஈயாடவில்லை. அடக்கமான மனுசன் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது. கோவிலில் அழைப்பிதழைப் பார்த்தவர்கள் எல்லாம், இந்த வருசம் ஒரு பிழைகூட இல்லை என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவரோ தேர்பவனிக்கு நிற்காமல் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கும் போனார். போய் என்ன செய்தார் தெரியுமா? மனைவியிடம் கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்குத் தாமதமாக வந்தேன், ஒரு பொய் சொன்னேன், சாப்பாட்டில் குறை சொன்னேன் என்று அந்தப் பொய்யை நடுவில் செருகிவிட்டார். சாமியார் மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று மூன்றும் சொன்னார். எழுந்தபோது, கடவுளிடமே கள்ளக்கணக்கு காட்டிவிட்டு வந்த மாதிரி அவருக்கே கேவலமாக இருந்தது.

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் சோறும் வெஞ்சனமும் வைத்த தட்டை அப்படியே தள்ளிவிட்டுப் பிரிஸ்கில்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பள்ளிக்கூட டீச்சர், குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் புள்ள வீடு எங்கன்னு தெரியுமா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பேகம்பூருக்குப் போனார். தாஹிராவின் அம்மா ஜெய்தூன் பீவிக்கு அவரைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "புள்ளைக்கு வேலை கத்துக் குடுத்த சாராம்ல, வாங்க தம்பி, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காருவதற்குள் டீ வந்துவிட்டது. "ரெண்டு எடத்துல வேலை கேட்டுப் போச்சு தம்பி. ரெண்டு பேரும் மில்லுக்குப் போன் பண்ணிக் கேட்டுருக்காக. வைரசு விட்ட புள்ளைன்னு சொல்லிட்டாகளாம். அது என்னான்னே எனக்குத் தெரியல. திருட்டு கிருட்டா தம்பி?" என்று கேட்டார். கிளெமென்ட்டுக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தாஹிரா வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். கிளெமென்ட் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். பென் டிரைவ், பதினோரு நாள், அழித்த ரிப்போர்ட், 'இருக்கலாம்', எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதாகக்கூட நினைத்தார், பாவம்.

தாஹிரா அம்மா பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன சார்? நான் செய்யலைங்கிறது எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போயி சொல்லுங்க."

அவர் எழுந்தார். டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொல்லி ஜெய்தூன் பீவி வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, டீ வருகிற நேரத்தில், கிளெமென்ட் ஆபீஸ் நடுவில் போய் நின்றார். நல்லுசாமியையும் வெளியே வரச் சொல்லியிருந்தார். புதுசாக ஏதோ விதி போடப் போகிறார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "அந்த வைரசு என் பென் டிரைவுல வந்துச்சு. காவல நிறுத்துனது நான். தாஹிரா ஒண்ணும் பண்ணல. எனக்கு அன்னைக்கே தெரியும், தெரிஞ்சுதான் மறச்சேன்."

நல்லுசாமி தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் புள்ள நம்பர் இருக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பெண்கள் பக்கம் யாரும் நிமிரவே இல்லை. வேலையை விட்டுப் போகச் சொல்லுவார்கள், மூஞ்சிக்கு நேரே காறித் துப்புவார்கள் என்றெல்லாம் இரண்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்த கிளெமென்ட், அதற்காகக் காத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சடையாண்டிதான் டம்ளரை வைத்துவிட்டுப் பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"இம்புட்டுத்தானா சார்? அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாளு ஒங்கள ஓட்டிட்டு விட்டுருப்பமே. இதுக்காகவா அந்தப் புள்ளைய அனுப்புனீங்க?"

கிளெமென்ட் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.