மோனிஷா கல்லெறியும் நேரம்

இக்னேஷியஸ் அந்தச் சிறுமியை அறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எண்ணூர் விரைவுச் சாலையில், திருவொற்றியூர் குப்பத்தை ஒட்டி, துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு முன்வண்டி நகர்ந்தது. இவரும் பிரேக்கை விடுவித்தார். பிரேக்கின் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. அடுத்த நொடி இடப்பக்கம் பின்னால் பார்க்கும் கண்ணாடி நொறுங்கி விழுந்தது.

இறங்கிப் பார்த்தபோது, சாலையோரத்தில் எட்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். எண்ணெய் காணாத தலை, பள்ளிச் சீருடைப் பாவாடை, கையில் இன்னொரு கல். ஓடவில்லை. அவர் கை ஓங்கியபோதும் நகரவில்லை. அடி விழுந்த பிறகு கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அவள் பார்வை அவர்மேல் இல்லை. லாரியின் முன்சக்கரத்தின்மேல் இருந்தது.

"அத்த இன்னாத்துக்கு அடிச்சிகினு கீறே மாமு?" என்று பின்வண்டியிலிருந்து அமீருதீன் குரல் கொடுத்தார். "அது லூசு. இந்தப் பக்கம் வண்டி ஓட்றவன் எல்லார்க்கும் தெரியும். ஏறு, லைன் நவுருது."

இக்னேஷியஸ் ஏறிக்கொண்டார். ராயபுரம் பனைமரத்தொட்டியில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக லாரி; இந்தத் துறைமுக வரிசைக்கு மட்டும் புதிது. அவர் வண்டி இதுவரை யாரையும் உரசியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு குழந்தையை அடித்தோம் என்பது அன்றைக்கு அவருக்கு உறுத்தவே இல்லை. கண்ணாடி போனதுதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே வரிசை. பொழுது போகாமல், அமீருதீன் அனுப்பிவைத்த படம் ஒன்றைக் கைபேசியில் போட்டுப் பார்த்தார். சண்டைப் படம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்.

மாமன் வீட்டில் வளரும் ஒரு சிறுமியின் கதை அது. அவள் அவ்வப்போது வாசல் கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்துவிடுவாள். மாமன் வேலைக்குப் போக முடியாது, அத்தை கோயிலுக்குப் போக முடியாது. எவ்வளவு கேட்டாலும் சாவி இருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டாள். மாமன் அவளை விறகு அறையில் தள்ளிப் பூட்டுவான். "வேணும் அதுக்கு, இன்னா கொழுப்பு" என்று இக்னேஷியஸ் தனியாகச் சொல்லிக்கொண்டார். பாதிப் படத்துக்கு மேல் கேமரா அந்தப் பெண்ணின் உயரத்துக்கு இறங்கியது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யாராவது கையில் பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிற நாளில் மட்டும்தான் அவள் கதவைப் பூட்டுகிறாள். அவளுடைய அப்பா ஒரு பையோடு அந்த வாசலைத் தாண்டிப் போனவர்; திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்த எல்லாருமே அவளிடம் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது பூட்டுகிறாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

விறகு அறைக்குள் அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதவிடுக்கு வழியே மாமனின் செருப்பு வெளியே போவதைப் பார்க்கிற இடத்தில் இக்னேஷியஸ் படத்தை நிறுத்திவிட்டார். தண்ணீர் குடித்தார். தொடர்ந்து பார்க்க மனம் வரவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி ஃப்ளோரன்ஸிடம் படக்கதையைச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. ஃப்ளோரன்ஸ் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"படத்துக்குப் போய் அழுவறியா? நம்ம பொண்ணு கல்யாணத்துல கூட நீ அழுவல."

"அதில்ல ஃப்ளோரா. போன செவ்வாக்கெழம ஒரு பொண்ண அடிச்சிட்டேன். ரோட்டாண்ட. கல்லு வுட்டுச்சுன்னு."

அவள் கையை நிறுத்தினாள். "எவ்ளோ பெரிய பொண்ணு?"

"நம்ம பேத்திய விட ரெண்டு வயசு கூட இருக்கும்."

மீன்சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அப்போ அந்தப் படத்துல நீ அந்தப் பொண்ணு இல்ல. அந்த மாமன்."

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த முறை வரிசையில் நின்றபோது அவர் அந்தப் பெண்ணைத் தேடினார். மின்கம்பத்தின் அடியில், பக்கத்தில் கற்களைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர் இறங்கி நான்கு அடி வைத்ததுமே எழுந்து பின்வாங்கினாள். மேலே போனால் ஓடிவிடுவாள் என்று தோன்றியது. அங்கிருந்த ரஹீமுன்னிசாவின் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

"யார் வூட்டுப் பொண்ணும்மா அது?"

"மோனிஷாவா? பூங்காவனம் பொண்ணுண்ணே. அவ அம்மா இங்கதான் டிரைவருங்களுக்குச் சுண்டலு, தண்ணி பாக்கிட்டு வித்துகினு இருந்தா. ரெண்டு வருசம் ஆச்சு. ரெண்டு வண்டிக்கு நடுவுல பூந்து அந்தாண்ட போனா. பின்னாடி வண்டிக்காரன் ஆரன் கூட அடிக்காம எடுத்துட்டான். சக்கரத்துல சிக்கி அங்கயே போய்ட்டா. மேல குந்திகினு இருக்கறவனுக்கு மூக்காண்ட நிக்கறவ தெரிவாளா?"

இக்னேஷியஸுக்குத் தெரியும். கேபினுக்கு நேர் முன்னால், கீழே ஆறடி தூரம் ஓட்டுநர் கண்ணுக்கு இருட்டுதான்.

"இந்தப் பொண்ணு பாத்துகினே இருந்துச்சு. கத்துச்சு. நானே கேட்டேன் அந்தக் கத்தல. ஆனா அவ்ளோ இன்ஜின் சத்தத்துல வண்டிக்காரனுக்கு எங்க கேக்கும்? அன்னிலேர்ந்து பேச்சே இல்ல. அப்பன் கடலுக்குப் போவான், வந்தா தூங்குவான். பள்ளிக்கூடத்துல நெறுத்திட்டாங்கோ. நான்தான் ரெண்டு இட்லி குடுப்பேன்."

அன்று இக்னேஷியஸ் கைபேசியைத் தொடவில்லை. வண்டிகளையும் மோனிஷாவின் கையையும் மாறிமாறிப் பார்த்தார். மூன்று மணி நேரத்தில் வரிசை எட்டு முறை நகர்ந்தது. சில வண்டிகள்மேல் கல் விழுந்தது; சில தப்பின. பெரிய வண்டி, சின்ன வண்டி, நிறம், ஊர் எதுவும் கணக்கில்லை. தப்பிய வண்டிகளின் ஓட்டுநர்கள் கிளம்பும் முன் ஹாரன் அடித்திருந்தார்களா? அப்படித்தான் தோன்றியது. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதற்குள் வரிசை அவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிளம்பும் முன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவர் வண்டியில் கல் விழவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

அடுத்த புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி. வரிசையில் இவருக்கு ஆறு வண்டி முன்னால் பெரிய சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடினார்கள். இவரும் இறங்கி ஓடினார்.

தூத்துக்குடிப் பதிவெண் போட்ட புது லாரி ஒன்றின் முன்கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிந்து கிடந்தது. அதன் ஓட்டுநர், முப்பது வயதிருக்கும் சுடலைராஜ், மோனிஷாவின் இரண்டு கைகளையும் முறுக்கிப் பிடித்திருந்தான். அவன் நெற்றியில் கண்ணாடித் துணுக்கு கீறி ரத்தம் வழிந்தது. சுற்றிலும் பதினைந்து இருபது ஓட்டுநர்கள். பல மாதக் கோபம் எல்லார் முகத்திலும் இருந்தது.

"கம்பத்துல கட்டுங்க. அப்பன் வந்து அவுக்கட்டும்" என்றார் ஒருவர்.

"கையில ரெண்டு போட்டாத்தான் புத்தி வரும்" என்று இன்னொருவர் கயிறு எடுத்துக்கொண்டு வந்தார். ரஹீமுன்னிசா குறுக்கே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். யாரும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

இக்னேஷியஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "அவ கைய வுடு நைனா."

"நீங்க சும்மா இரிங்க அண்ணாச்சி. இன்னும் ரெண்டு இஞ்சு தள்ளிப் பட்டிருந்தா எனக்குக் கண்ணு போயிருக்கும்லா."

"நீ ஆரன் அடிச்சியா?"

"என்னது?"

"வண்டி எடுக்கறப்போ ஆரன் அடிச்சியான்னு கேக்கறேன்."

சுடலைராஜ் விழித்தான். "அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணாச்சி?"

இக்னேஷியஸ் சொன்னார். பூங்காவனத்தைப் பற்றி, கேட்காமல் போன கத்தலைப் பற்றி, தான் பார்த்த எட்டு நகர்வுகளைப் பற்றி. சொல்லச் சொல்ல அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை குறைந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கயிறு வைத்திருந்தவர், "கதை நல்லாக் கீது. அப்போ இப்பவே காட்டு. உன் வண்டிய எடு பாக்கலாம்" என்றார். சுடலைராஜ் கீழே கிடந்த கல்லை எடுத்து மோனிஷாவின் கையில் திணித்தான். "அடிக்கலேன்னா விட்டுருதேன். அடிச்சா நான் சொல்லுததுதான்."

இக்னேஷியஸ் தன் வண்டிக்கு நடந்தார். அந்த முந்நூறு அடி தூரத்தில் அவருக்கு வியர்த்து ஊற்றியது. தான் கண்டது தவறாக இருந்தால், நாளெல்லாம் அவளை அடிக்க இவர்களுக்குத் தானே உரிமை எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். கேபினில் ஏறினார். மோனிஷாவை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். புதிதாகப் போட்ட கண்ணாடியில் அவள் சிறியதாகத் தெரிந்தாள். கல்லைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

நீளமாக ஹாரன் அடித்தார். நிறுத்தினார். மறுபடி ஒருமுறை. பிரேக்கை விடுவித்தார். புஸ் என்ற சத்தம் வந்ததும் அவள் தோள் உயர்ந்தது. வண்டி ஒரு கஜம் நகர்ந்தது, இரண்டு கஜம் நகர்ந்தது. அவள் கண் சக்கரத்தோடு போயிற்று. கை எழவில்லை.

"இது ஒண்ணும் ருசு இல்ல" என்றார் கயிற்றுக்காரர். "இப்போ ஆரன் இல்லாம எடு."

இக்னேஷியஸ் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "அத்த நான் செய்ய மாட்டேன்."

"ஏன், பயமா?"

"அவ அம்மாவ இன்னொரு தபா கொல்லச் சொல்றியா?"

கூட்டம் முணுமுணுத்தது. சுடலைராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யார் பேச்சை நம்புவது என்று தெரியாமல் நின்றான். அந்த நேரத்தில், எதுவும் அறியாத ஒரு ஓட்டுநர் பின்னால் அடுத்து நின்ற வண்டியில் இருந்தார். முன்னால் விழுந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு ஹாரன் அடிக்காமல் பிரேக்கை எடுத்தார். புஸ்.

மோனிஷா திரும்பியதை யாரும் பார்க்கவில்லை. ஆட்களின் இடுக்கில் புகுந்து அந்த வண்டியை நோக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே எறிந்தாள். கல் பம்பரில் பட்டு ணங்கென்றது. வண்டி குலுங்கி நின்றது. அவள் அத்தோடு நிற்கவில்லை. தரையில் மண்டியிட்டு வண்டிக்கும் முன்வண்டிக்கும் நடுவில் குனிந்து, அந்த இடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கயிற்றுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். சுடலைராஜ் ரஹீமுன்னிசாவிடம் தாழ்ந்த குரலில், "அந்த அம்மா எந்த இடத்துல நின்னாவ?" என்று கேட்டான். அவள் காட்டினாள். அவன் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். காவல் நிலையத்துக்கு யாரும் போகவில்லை. அன்று மாலை ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் குரல் வந்தது: திருவொற்றியூர் குப்பத்துப் பக்கம் வரிசையில் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள், அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது.

எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. குப்பத்துக்காரர்கள் ஹாரன் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். புதிய ஓட்டுநர்களின் வண்டிகள்மேல் இன்னமும் கல் விழுந்தது. ஆனால் குறைந்தது. இக்னேஷியஸ் ஒருநாள் தூரத்தில் நின்றபடியே அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். அவரிடம் அவள் ஒருநாளும் நெருங்கி வரவில்லை.

ஜூன் மாதம் ரஹீமுன்னிசா அவளைக் குப்பத்துக்கு உள்ளே, சாலையிலிருந்து தள்ளி இருந்த பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பில் சேர்த்தாள். மூன்றாம் நாளே டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பேர் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லையாம், திமிராக நிற்கிறாளாம். ரஹீமுன்னிசா இக்னேஷியஸையும் துணைக்கு அழைத்தாள். குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து அவர் சொன்னார். தான் அடித்ததையும் மறைக்கவில்லை. டீச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது சாப்பாட்டு இடைவேளை. குழாயடியில் மோனிஷா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒருத்தி, வீட்டில் பூனை குட்டி போட்ட கதையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மோனிஷா தட்டைக் குழாய்க்கு அடியிலேயே பிடித்தபடி, தண்ணீர் வழிந்து போவதைக்கூடக் கவனிக்காமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.