தொட்டும் திரும்பாத புழு

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் புருவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஓர் அழகு நிலையத்தில் நூல் போட்டுப் புருவம் திருத்தியவர். இங்கே வந்த பிறகும் அவர் கையில் கொடுத்த கருவி ஒரு புருவ முடிதான்.

அழகு நிலையம் இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகத் தெரிந்த வாரம், வாடிக்கையாக வரும் டாக்டரம்மா, உயிரியல் ஆராய்ச்சி செய்பவர், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அக்கா, உங்க கை படுறதே தெரியல. என் லேப்ல புழுவைத் தடவணும். வரீங்களா?"

"புழுவுக்கும் புருவம் இருக்கா டாக்டரம்மா?"

"நம்ம புருவம் போதும். வாங்க, காட்டுறேன்."

அது மண்ணில் வாழும் நூற்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம். உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒட்டிய புருவ முடியால், உருப்பெருக்கியில் பார்த்தபடி, தலைக்குச் சற்றுப் பின்னால் லேசாகத் தடவ வேண்டும். சாதாரணப் புழு சட்டென்று பின்வாங்கும். மரபணுக்களைக் குலைக்கும் ஒரு வேதிப்பொருளில் ஊறவைத்த புழுக்களின் பேரப்பிள்ளைகளில் ஏதாவது ஒன்று பின்வாங்காமல் போனால், அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். தொடு உணர்ச்சிக்கு எந்த மரபணு வேண்டும் என்பதை அந்த ஒரு புழு சொல்லிவிடும் என்றார் டாக்டரம்மா.

பதினோரு மாதம் தடவினார். கீழிருந்து வரும் வெளிச்சத்தில், தட்டில் பரப்பிய கூழின் மேல் புழுக்கள் தண்ணீரில் விட்ட நூல்போல நெளிந்து போகும். போன வழியெல்லாம் மெல்லிய வளைவுகள் விழும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கடிகாரச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். சாயங்காலம் தெருவில் இறங்கினால் ஜனங்களும் சைக்கிள்களும் அப்படியே அலையலையாக மிதந்து போனார்கள். வீட்டில் கண்ணை மூடினால் சுவர் மெதுவாக நெளிந்தது. அதில் ஒரு பயமும் இல்லை; தாலாட்டு மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் பாதங்கள் மரத்துப்போய், பிரேக் எங்கே இருக்கிறது என்று கால் அறியாமல் போனதும், வேலையை விட்டு வந்துவிட்டார். ஒரு விடுமுறை மதியம் அவர் கட்டிலில் படுத்திருக்கும்போது, புருவக்கா அந்த முடிக்குச்சியால் அவர் உள்ளங்காலைத் தடவினார்.

"தெரியுதாங்க?"

"எது?"

"தொட்டேனே."

"எப்போ தொட்டே? ஈ உட்கார்ந்தாக்கூட எனக்குச் சேதி வர்றதில்ல."

இருவரும் சிரித்தார்கள். பிறகு புருவக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் எதையும் எடுக்காமல் வெகுநேரம் நின்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. தடவினார், புழு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடி தடவினார். மூன்றாம் முறையும் அது திரும்பவில்லை. மெல்லிய பிளாட்டினக் கம்பியால் கொஞ்சம் அழுத்திக் குத்தியதும் துள்ளிப் பின்வாங்கியது. ஆக, நகர முடியாத புழு இல்லை. மெல்லத் தொட்டால் மட்டும் அதற்குத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் புதுத் தட்டுக்கு மாற்றினார். இந்தப் புழுவுக்குத் துணை வேண்டாம், தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். நாலு நாள் கழித்து அதன் பிள்ளைகளில் முப்பதைத் தடவினார். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

டாக்டரம்மா வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பிடிச்சிட்டீங்க அக்கா."

"இதை வச்சு எங்க வீட்டுக்காரர் காலைச் சரி பண்ண முடியுமா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொல்ல மாட்டேன் அக்கா. அவருக்கு நரம்பே பழுதாயிடுச்சு. இதுக்கு நரம்பு நல்லாத்தான் இருக்குன்னு நினைக்கிறேன், வேற ஏதோ குறை. இது வேற, அது வேற. ஒண்ணு செய்யுங்க, தினமும் அவர் பாதத்தைப் பாருங்க. அடிபட்டா அவருக்குத் தெரியாது. நீங்கதான் பார்க்கணும்."

அன்று பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சொன்னார்: "அப்போ புழுவும் நானும் சொந்தமில்லன்னு ஆயிடுச்சு. போகட்டும், உன் பக்கத்துச் சொந்தக்காரங்களே போதும்."

கொஞ்ச நேரம் கழித்து, "அது கஷ்டப்படுதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. சாப்பிடுது, முட்டை போடுது, அது பாட்டுக்குப் போகுது."

"சரி" என்றார்.

மூன்று வருஷத்தில் மரபணு அகப்பட்டது. தொடுகையை வாங்கும் செல்லின் சவ்வில், அழுத்தம் பட்டால் திறக்கிற ஒரு சின்னக் கதவு உண்டு. இந்த வம்சத்துப் புழுக்களில் அந்தக் கதவு சரியாக அமையவில்லை. கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் புருவக்காவின் முழுப்பெயர் இருந்தது. அந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்குமே அச்சாகவில்லை என்று சொல்லி, வீட்டுக்காரர் பக்கத்து வீட்டார் நாலு பேருக்குக் காட்டினார். புழுக்களை உறைய வைத்துச் சின்னக் குழாய்களில் வேறு ஆய்வகங்களுக்கும் அனுப்பினார்கள்.

புருவக்கா இன்னும் வேலைக்குப் போகிறார். காலையில் கிளம்பும் முன் வீட்டுக்காரரின் கால்களை மடியில் எடுத்து வைத்து, விரலிடுக்கு விடாமல் பார்க்கிறார். ஒருமுறை குதிகாலில் ஆழமாக ஏறியிருந்த கண்ணாடிச் சில்லைக் கண்டுபிடித்து, அன்றே ஆஸ்பத்திரியில் எடுக்க வைத்தார். பார்த்து முடிக்கும்வரை வீட்டுக்காரர், தாம் பஸ் ஓட்டிய வழியை நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் ஏறும். பெரும்பாலும் கடைசி நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிடுவார்.